மலையில் நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி: பாதியில் விடக் கூடாத கணக்கு

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் குட்டிக்கு இரண்டு ஊசி போட்டிருந்தோம். ஆறாம் வாரம் ஒன்று, ஒன்பதாம் வாரம் ஒன்று. மூன்றாவதற்கும் கார்டில் தேதி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதி வந்தபோது கோத்தகிரியில் அக்டோபர் மழை. நாலு நாள் வெளியே தலை காட்ட முடியவில்லை. ஐந்தாம் நாள் வெயில் வந்தது, எனக்குச் சோம்பல் வந்தது. ‘ரெண்டு போட்டாச்சே, மூணாவது அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று விட்டேன். குட்டிக்கு மூன்றரை மாதம் ஆனபோது ஒரு காலை வாந்தி, மதியம் ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பார்வோ. குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் குட்டி பிழைக்கவில்லை.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. கார்டைப் பார்த்துவிட்டு, “கடைசி ஊசிதாங்க கணக்கு. முதல் ரெண்டும் அதுக்கு வழித்துணை மாதிரி” என்றார். அவர் சொன்னதன் பொருள் அன்று முழுதாகப் புரியவில்லை. பிறகு கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீலகிரியில் புதிதாக நாய் வளர்க்கத் தொடங்குபவர்களுக்காக இது. கீழ்நாட்டுக்கும் பொருந்தும், மலைக்கே உரிய சில சங்கதிகள் மட்டும் கூடுதலாக இருக்கும்.

குட்டி வந்த வாரம்

முதல் வேலை வயதைக் கண்டுபிடிப்பது. விற்பவரைக் கேட்டால் எல்லாக் குட்டிக்கும் நாற்பத்தைந்து நாள்தான். நாற்பத்தைந்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கோவையிலிருந்து கூடையில் வரும் குட்டி ஆனாலும், பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டில் போட்ட குட்டி ஆனாலும், வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பால்பல் மூன்று, நான்கு வாரத்தில் முன்பக்கம் முளைக்கத் தொடங்கும்; எட்டு வாரத்துக்குள் பெரும்பாலும் எல்லாம் வந்துவிடும். ஊசி போல் கூர்மையாக, கையில் பட்டால் கீறும். முன்பற்கள் விழுந்து பெரிய பல் வரத் தொடங்கினால் குட்டிக்கு நான்கு மாதம் நெருங்குகிறது என்று பொருள். ஊசிக் கணக்கு முழுக்க வயதை வைத்துத்தான் நடக்கிறது. இதில் தவறினால் பின்னால் எல்லாம் தவறும்.

வாங்கி வந்த இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். அன்றே ஊசி போட வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். கூடையில் அடைபட்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி, வாந்தி எடுத்து, தாயைப் பிரிந்து வந்திருக்கிறது. ஒரு வாரம் தின்று தூங்கித் தெளியட்டும் என்று டாக்டரே சொல்லக்கூடும். அந்த வாரத்தில் பூச்சி மருந்து கொடுத்துவிடலாம். குட்டிகளுக்குத் தாய் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்துமே புழு வந்துவிடும் என்பதால், பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை கொடுப்பது வழக்கம். அளவு எடையைப் பொறுத்தது. சமையலறைத் தராசில் ஒரு கூடையோடு வைத்து நிறுத்துக் கொண்டு போனால் டாக்டருக்கும் வேலை மிச்சம்.

இன்னொன்று, தொட்டுப் பார்த்துவிட்டு “சுடுதே, காய்ச்சலோ?” என்று பதறாதீர்கள். நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்பது அதற்குச் சாதாரணம். மூக்கு ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தின்கிறதா, விளையாடுகிறதா என்று பாருங்கள்.

எதற்கெல்லாம் ஊசி

கார்டில் எழுத்துக்களாக இருக்கும். டி என்றால் டிஸ்டெம்பர். எச் என்றால் ஹெபடைடிஸ், நாய்க்கு வரும் கல்லீரல் அழற்சி. பி என்றால் பார்வோ. அதை அடுத்து வரும் பிஐ என்பது பாராஇன்ஃப்ளுவென்சா, இருமல் வகை. எல் என்றால் லெப்டோ, நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்கிறோமே அதுதான். இவை எல்லாம் சேர்ந்து ஒரே ஊசியாக, கூட்டு ஊசியாக வரும். ‘ஏழு ஒன்றில்’, ‘ஒன்பது ஒன்றில்’ என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். எண் கூடினால் பாதுகாப்பு கூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். பல சமயம் லெப்டோவின் வகைகளைத் தனித்தனியாக எண்ணி எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள். சிலவற்றில் கொரோனா என்று ஒன்று இருக்கும், நாய்க் குடலுக்கு வருவது, நமக்கு வந்ததல்ல, அதற்கு ஊசி பெரிய அவசியமும் இல்லை. ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய்க்குத் தனி ஊசி.

டிஸ்டெம்பரை இங்கே பலரும் சளி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கண்ணிலும் மூக்கிலும் சீழ் போல வடியும், இருமல், பேதி. சில வாரம் கழித்துத் தாடையோ காலோ தாளம் போடுவது போல் துடிக்கும், வலிப்பு வரும். அந்தக் கட்டம் வந்த பிறகு மீள்வது அபூர்வம். முதுமலையை ஒட்டிய மசினகுடி, கூடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்த வைரஸ் நாயோடு நிற்காது. செந்நாய்க்கும் போகும், பெரிய பூனை இனத்துக்கும் போகும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது அவற்றிடம் டிஸ்டெம்பர் வைரஸ் கண்டறியப்பட்டது. நம் நாய் காட்டோரம் மேய்ந்துவிட்டு வருகிறது. சிறுத்தை நம் வாசலுக்கு வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போகிறது. இடையில் வேலி ஏது?

பார்வோ பற்றி மேலே சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று: அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். வெயில் படாத, குளிர்ந்த, ஈரமான இடம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். நம் வீட்டுப் பின்புறம் எல்லாம் அப்படித்தானே இருக்கிறது? பினாயில் ஊற்றிக் கழுவினால் வாசனைதான் மாறும், வைரஸ் போகாது. கடையில் கிடைக்கும் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு கலந்து, முதலில் அழுக்கைத் தேய்த்துக் கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். மண் தரையில் அதுவும் முழுதாக வேலை செய்யாது. பார்வோவில் ஒரு குட்டி போன வீட்டில், ஊசிக் கணக்கை முடிக்காத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவந்து விடாதீர்கள். நாங்கள் ஒன்றரை வருடம் காத்திருந்தோம்.

லெப்டோ எலி மூத்திரத்தில் வருவது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து ஜூன், ஜூலை மழை, தேங்கிய தண்ணீர், லைன் வீடுகளின் சாக்கடை, ஊட்டியில் கேரட்டும் உருளையும் அடுக்கிய கிடங்குகள், மாட்டுக் கொட்டகை: எலிக்கு இங்கே எந்தக் குறையும் இல்லை. நாய்க்கு வந்தால் காமாலை, சிறுநீரகக் கோளாறு. அதன் மூத்திரம் வழியாக நமக்கும் வரும் என்பதால் இந்த ஊசி நாயை மட்டும் காக்கும் ஊசி இல்லை. ஆனால் ஊசி எல்லா வகை லெப்டோவையும் தடுக்காது. ஊசி போட்டாலும் நாய் குடிக்கும் தண்ணீர்ச் சட்டியை இரவில் வெளியே வைக்காமல் இருப்பது நல்லது.

ஏன் மூன்று தடவை?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக வரும்.

குட்டி பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. முதல் சில வாரங்கள் குட்டியைக் காப்பது அதுதான். ஆனால் அதே பொருள் நாம் போடும் ஊசி மருந்தையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடும். தாய் கொடுத்த காவல்காரன் வாசலில் நிற்கும் வரை, நாம் அனுப்பும் வாத்தியார் உள்ளே போய்ப் பாடம் நடத்த முடியாது. அந்தக் காவல் வாரத்துக்கு வாரம் தளரும். சில குட்டிகளுக்கு எட்டு வாரத்தில் தீர்ந்துவிடும், சிலவற்றுக்குப் பதினான்கு, பதினாறு வாரம் வரை இருக்கும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுக்கே வேறுபடும். முதல் ஆளாக முட்டிமோதிச் சீம்பால் குடித்த கொழுத்த குட்டிக்கு நீண்ட நாள் இருக்கும். ஓரத்தில் கிடந்த நோஞ்சானுக்குச் சீக்கிரம் தீரும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் ஒரு தேதியை நம்பாமல் மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். எட்டாம் வாரம் காவல் தளர்ந்த குட்டிக்கு முதல் ஊசியே வேலை செய்யும். இன்னொன்றுக்கு இரண்டாவது. காவல் நீண்ட குட்டிக்கு முதல் இரண்டும் வீண், பதினாறாம் வாரம் போடுவதுதான் ஏறும். என் குட்டி இந்தக் கடைசி வகையாக இருந்திருக்க வேண்டும். இரண்டு ஊசியும் உடம்புக்குள் போயிருந்தன. பாடம் ஏறவே இல்லை. நடுவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாய் கொடுத்த காவல் நோயைத் தடுக்கும் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும், ஊசியைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் மிச்சம் இருக்கும். அப்படி ஒன்றிரண்டு வாரம் குட்டி இரண்டு பக்கமும் பாதுகாப்பில்லாமல் நிற்கும். பார்வோ புகுவது பெரும்பாலும் அந்தச் சந்தில்தான்.

தேதிகள்

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. அதன்பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழுந்தே ஆக வேண்டும். எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். ஆறில் தொடங்கினால் நான்கு தடவை வரும், அவ்வளவுதான் வேறுபாடு. “மூன்று ஊசி முடிந்தது” என்று எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று மூன்று போட்டு நிறுத்தினால் எண்ணிக்கை சரி, வயது போதாது.

லெப்டோ எட்டு வாரத்துக்குப் பிறகு தொடங்கும், இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு தடவை. ரேபிஸ் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு. வெறிநாய் அச்சம் உள்ள ஊர்களில் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து இன்னொரு ரேபிஸ் ஊசியும் போடுவார்கள். நம் நாட்டில் அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதில் தவறில்லை.

பிறகு ஆறு மாதத்திலோ ஒரு வயதிலோ கூட்டு ஊசி ஒருமுறை. முன்பெல்லாம் ஒரு வயதில்தான் போடுவார்கள்; ஆறு மாதத்திலேயே போட்டுவிட்டால், பதினாறாம் வாரத்திலும் ஏறாமல் போன அபூர்வக் குட்டி அடுத்த எட்டு மாதம் வெறுமனே நிற்க வேண்டியதில்லை என்பது இப்போதைய எண்ணம். அதன்பின் டிஸ்டெம்பர், ஹெபடைடிஸ், பார்வோவுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டல் சொல்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் வருடா வருடம் போடுகிறார்கள். டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் லெப்டோ வருடா வருடம் கட்டாயம். அதன் காப்பு அதற்கு மேல் நிற்காது. ரேபிஸையும் வருடம் தவறாமல் போட்டுவிடுங்கள். அதில் பேரம் பேச எனக்குத் தைரியம் இல்லை.

“சின்ன குட்டிதானே, பாதி மருந்து போதும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொமரேனியனுக்கும் ராஜபாளையத்துக்கும் ஒரே அளவுதான். இது மாத்திரை அல்ல, எடைக்கு எடை நிறுத்துக் கொடுக்க.

வளர்ந்த நாய் ஒன்று தானாக வந்து வாசலில் படுத்துக்கொண்டது, அதன் முன்கதை தெரியாது என்றால் வேலை சுலபம். ஆறு மாதம் தாண்டியிருந்தால் தாயின் காவல் எல்லாம் போய்விட்டிருக்கும். கூட்டு ஊசி ஒன்று, லெப்டோ மட்டும் சில வாரம் கழித்து மறுபடி, ரேபிஸ் ஒன்று, பிறகு அடுத்த வருடம். ஏற்கெனவே யாராவது போட்டிருந்தால் கூடுதலாக ஒன்று போடுவதால் கெடுதல் இல்லை. சினையாக இருக்கும் நாய்க்கு மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உயிருள்ள வைரஸ் கலந்த ஊசியைத் தவிர்ப்பார்கள்.

“குளிர்தானே இருக்கு, ஐஸ் எதுக்கு?”

இது மலைக்காரர்களின் தனி மயக்கம். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஊட்டிக் குளிருக்கு அறையில் வைத்தாலே போதாதா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். போதாது. மார்ச், ஏப்ரல் மதியம் ஊட்டி வீட்டுக்குள்ளேயே இருபது டிகிரிக்கு மேல் போகும். தகரக் கூரை என்றால் சொல்லவே வேண்டாம். இது ஒரு பக்கம்.

மறுபக்கம்தான் பலருக்குத் தெரியாது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல் வெளுத்துக் கிடக்குமே, அந்தக் குளிரில் பைக் பெட்டியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்த ரேபிஸ் ஊசி உறைந்தால் கெட்டது கெட்டதுதான். உருகிய பின் பார்க்கப் பழையபடிதான் இருக்கும். வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டுக்கு அடியில் ஒட்டி வைத்தாலும் இதே கதி. நடுத்தட்டில் வையுங்கள், கதவில் வைக்காதீர்கள். ஐஸ் பாக்கெட்டோடு எடுத்துப் போகும்போது குப்பி நேரடியாக ஐஸில் படாமல் ஒரு துணியையோ காகிதத்தையோ சுற்றுங்கள்.

இங்கே விற்கும் மருந்து பெரும்பாலும் கீழிருந்து ஏறி வருவது. மேட்டுப்பாளையம் வெயிலைத் தாண்டித்தான் பர்லியாறோ குஞ்சப்பணையோ வர வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைத்தால் வண்டி மணிக்கணக்கில் நிற்கும். மேலே கரண்ட் போனால் ஒரு நாள் முழுக்க வராத ஊர்களும் உண்டு. அதனால் என் யோசனை: நீங்களே கடையில் வாங்கி, கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, மறுநாள் யாரிடமாவது போட்டுக்கொள்ளும் வேலை வேண்டாம். டாக்டரே வைத்திருக்கும் மருந்தைப் போட்டுக்கொள்ளுங்கள். காசு கொஞ்சம் கூடலாம். “கரண்ட் போனா என்ன செய்வீங்க டாக்டர்?” என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார், ஜெனரேட்டரையோ ஐஸ் பெட்டியையோ காட்டுவார்.

கூட்டு ஊசி இரண்டு குப்பியாக வரும். ஒன்றில் உலர்ந்த வெள்ளை வில்லை, இன்னொன்றில் திரவம். உங்கள் கண்முன் கலக்க வேண்டும், கலந்ததும் போட்டுவிட வேண்டும். காலையில் கலந்து வைத்ததை மாலையில் போட்டால் தண்ணீர் போட்டதற்குச் சமம். போட்டு முடித்ததும் குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்துக் கார்டில் ஒட்டச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். வெறும் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் போதாது.

ஊசி நாள்

மாட்டு ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசுக் கால்நடை மருந்தகங்களில் ரேபிஸ் ஊசி கிடைக்கும். கூட்டு ஊசி எல்லா நேரமும் இருக்காது, போகும்முன் கேட்டுவிடுங்கள். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய தேதிகளை ஒட்டி இலவச ரேபிஸ் முகாம்கள் நடக்கும். முதலாவது, 1885-இல் வெறிநாய் கடித்த சிறுவனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலாக ஊசி போட்ட நாள். இரண்டாவது பாஸ்டர் இறந்த நாள். முகாமில் நாய்க் கூட்டம் அதிகம். ஊசிக் கணக்கு முடியாத சின்னக் குட்டியை அங்கே கொண்டு போக வேண்டாம், வளர்ந்த நாயைக் கொண்டு போங்கள்.

ஆஸ்பத்திரியில் குட்டியைத் தரையில் விடாதீர்கள். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. அதே தரையில்தான் அரை மணி நேரம் முன்பு ஒரு பார்வோ நாய் வாந்தி எடுத்திருக்கும். அட்டைப் பெட்டியிலோ மடியிலோ வைத்திருங்கள். அதைப் போய் முகரவரும் பக்கத்து வீட்டுக்காரரின் நாயிடம் அன்று மட்டும் நட்பு வேண்டாம். பஸ்ஸில் போவதானால் முதல் வண்டியில் போங்கள். கண்டக்டர் கூட்டம் இல்லாதபோது கண்டுகொள்ள மாட்டார்.

குட்டி சோர்ந்திருந்தாலோ, பேதி ஆனாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்று ஊசி வேண்டாம், நாலு நாள் தள்ளிப் போடலாம். நாலு நாள்தான், நாலு வாரம் அல்ல.

போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே டீ குடித்துக்கொண்டு உட்காருங்கள். முகம், கண் இமை வீங்குவது, திடீர் வாந்தி, நிற்க முடியாமல் சாய்வது என்றால் உடனே உள்ளே தூக்கிப் போங்கள். அபூர்வம்தான், ஆனால் வந்தால் நிமிடங்களில் வரும், சரி செய்ய மருந்தும் இருக்கிறது. அரை மணியில் வீட்டை நோக்கி ஜீப்பில் பாதி வழி போயிருந்தால் திரும்பி வருவது கஷ்டம். ஒன்றிரண்டு நாள் தூங்கி வழிவது, சாப்பாட்டில் நாட்டமில்லாமல் இருப்பது, ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டி, இவை சாதாரணம். நாலைந்து நாள் குளிப்பாட்ட வேண்டாம். இந்தக் குளிரில் அதை யாரும் தனியாகச் சொல்லத் தேவையிருக்காது.

நடுவில் குட்டியை அடைத்து வைப்பதா?

பதினாறு வாரம் ஆகும்வரை வீட்டுக்குள்ளேயே வை என்று சொல்பவர்கள் உண்டு. பயத்தில் நானும் இரண்டாவது குட்டியை அப்படி வைக்கப் பார்த்தேன். அதிலும் ஆபத்து இருக்கிறது. மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகும் பருவம். அப்போது வண்டிச் சத்தம், குடை, மழைக்கோட்டு போட்ட ஆள், குழந்தை, மாடு எதையும் பார்க்காமல் வளர்ந்தால் பிற்பாடு எல்லாவற்றையும் பார்த்துக் குரைக்கும், கடிக்கும்.

நடு வழி: தூக்கிக்கொண்டு போங்கள். கோத்தகிரி மார்க்கெட் வாசலில் பத்து நிமிடம் கையில் வைத்துக்கொண்டு நின்றால் போதும், ஊரையே பார்த்துவிடும். ஊசி முடித்த நாய் இருக்கும் நண்பர் வீட்டு முற்றத்தில் விளையாட விடலாம். தெருக்குழாயடி, பஸ் ஸ்டாண்டு, இறைச்சிக் கடைப் பின்புறம், தெருநாய் மொய்க்கும் குப்பைத் தொட்டி, இங்கெல்லாம் கால் பதிக்க வேண்டாம். வெளியே போய்வந்த செருப்பை வாசலோடு கழற்றுங்கள், வைரஸ் அதிலும் வரும்.

கடைசி ஊசிக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் பொறுத்தே தெருவில் இறக்குங்கள், உடம்பு எதிர்ப்பைக் கட்டி முடிக்க அவ்வளவு நாள் வேண்டும்.

கடித்துவிட்டால்

குன்னூரில் சிம்ஸ் பூங்காவை ஒட்டி பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1907-இல் தொடங்கியது. வெறிநாய்க்கடிக்கு ஊசி தயாரிக்கவே தென்னிந்தியாவில் அமைத்த இடம் அது. அந்த மலையில் இருந்துகொண்டு இன்னும் கடிவாயில் சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் வைத்துக் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்ற பழைய பயம் பெரியவர்களிடம் இருக்கிறது. அந்த ஊசி வழக்கொழிந்து பல வருடம் ஆயிற்று. இப்போது கையில்தான் போடுகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

கடியோ கீறலோ பட்ட உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம். அவசரத்தில் நமக்கு இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். அதன் பிறகு அன்றே ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த கடி என்றால் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும், அதைக் கேட்டுப் பெறுங்கள். கடித்தது ஊசி போட்ட நம் வீட்டு நாயே ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. அந்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். குரங்கு கடித்தாலும் இதே முறைதான்.

நம் நாயை வேறு நாயோ காட்டு விலங்கோ கடித்திருந்தால், முன்பே ரேபிஸ் ஊசி போட்டிருந்தாலும் காயத்தைக் கழுவி அன்றே டாக்டரிடம் கொண்டு போங்கள், மறுபடி ஊசி போடுவார். சிறுத்தையிடம் தப்பி வந்த நாய்க்கும் அப்படியே. மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மாடு எச்சில் ஒழுக்கிக்கொண்டு விழுங்க முடியாமல் திணறினால், தொண்டையில் உருளைக்கிழங்கு சிக்கியிருக்கும் என்று கையை உள்ளே விடாதீர்கள். அதுவும் ரேபிஸாக இருக்கலாம்.

தூரத்து ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்களுக்கும்) லைன்களுக்கும்

டவுனுக்கு வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பதுதான் எஸ்டேட் ஜனங்கள் ஊசி போடாததற்குப் பெரும் காரணம், அக்கறை இல்லாததல்ல. ரேபிஸ் மருந்து பத்து டோஸ் உள்ள குப்பியாகவும் வருகிறது. ஒரு குப்பியைத் திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும் என்பதால், ஒற்றை நாய்க்காக டாக்டர் அதைத் திறக்கத் தயங்குவார். பத்து நாயைச் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்குச் சொல்லி வைத்தால் அவரே ஐஸ் பெட்டியோடு வருவார். அவருடைய ஜீப் வாடகையைப் பங்கு போட்டாலும் ஆளுக்குப் பெரிதாக வராது. முந்தின நாளே நாய்களைக் கட்டிவையுங்கள். டாக்டர் வந்த பிறகு தேயிலைக்குள் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். ஒரே நோட்டில் நாயின் நிறம், யார் வீடு, தேதி மூன்றையும் எழுதி, அதைப் போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். மழையில் நனைந்து போகும் கார்டுகளை நிறையப் பார்த்தாகிவிட்டது.

எங்கள் லைனில் போன தடவை ஒன்பது நாய்தான் தேறியது. மிஞ்சிய டோஸ், பேக்கரி வாசலில் படுத்துக் கிடக்கும் கறுப்பனுக்குப் போனது. பன்னைக் காட்டிப் பிடித்தது நான். கடி வாங்கப் பார்த்தது டாக்டர்.